நாற்பத்தொரு சென்டிமீட்டர்

குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே
நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
பக்கத்துக்கு நாலரை காற்றுக்கு விடச் சொல்கிறது கையேடு.
மிச்சம் முப்பத்திரண்டு.
முந்தாநாள் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி
நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
ஹிரோசாகி போகும் பேருந்தில் ஏறினேன்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்
பயணியாக உட்கார்ந்தால்
தெரு நெடுகத் தன் வேலையின் குறைகள்தான் தெரிகின்றன.

மடியில்
துவாலை சுற்றிய பீங்கான் தட்டு,
இரண்டு காது வைத்தது.
சிசுரு கிராட்டின் செய்வது இதில்தான்.
காது நுழையாத அடுப்பு வேண்டாம் என்று
சென்டாயிலிருந்து குறுஞ்செய்தி.

கடையில் பதினோரு அடுப்புகள்
பல் மருத்துவரிடம் வந்தவை மாதிரி
வாய் பிளந்து வரிசையாக நின்றன.
ஒவ்வொன்றிலும் தட்டை விட்டு எடுத்தேன்.
முதலாவதில் காது இடித்தது.
இரண்டாவதில் காது போயிற்று, கதவு மூடவில்லை.
ஐந்தாவது பேசியது.
சற்றே காத்திருக்கவும் என்றது, பெண் குரலில்.
அதைத் தாண்டி நடந்தேன்.

விற்பனைப் பையன், மார்பில் காசாய் என்று அட்டை,
"வீட்டில் எத்தனை பேர்?" என்றான்.
"ஒன்றரை" என்றேன்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டான்.

மாதத்தில் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் அவள் வருவாள்.
மற்றபடி, காலை ஆறரை,
விரல்கள் இன்னும் ஸ்டியரிங் வளைவிலேயே இருக்க,
ஒரு துண்டு ரொட்டி.
அன்றாடத்துக்கு வாங்குகிறேன் என்கிறேனே,
எந்த நாளுக்கு?
அந்த இருபத்தெட்டுக்கா,
இந்த இரண்டுக்கா?

விரலுக்கேற்ற வீக்கம் போதும் என்று
இரண்டு துண்டுக்காரியின் பக்கம் சாய்ந்தேன்.
காசாய் குரலைத் தாழ்த்தினான்.
"அகலத்தை விடுங்கள், உயரம் பாருங்கள்.
மோச்சி உப்பும்."
போன புத்தாண்டில் அவர்கள் வீட்டில்
ஓர் அரிசிக்கட்டி கன்னம் பெருத்து எழும்பி
மேல்கம்பியைத் தொட்டு
அங்கேயே குடியேறிவிட்டதாம்.
அப்பா சுரண்டினாராம், மார்ச் வரை.

ஒன்பதாவது.
இரண்டு திருகு, ஒரு மணி, பேச்சு இல்லை.
துகள் தட்டு முன்பக்கம் உருவ வருகிறது.
பழையதற்குப் பின்பக்கம்,
அதனால் பதினாலு வருடம் உருவவில்லை.
தூக்கிப்போடும் முன் கவிழ்த்தபோது
எந்தக் காலையுடையது என்று தெரியாத கரி
கைப்பிடி அளவு கொட்டியது.

தட்டின் இரண்டு காதும் உள்ளே போயின.
கதவு ஒரு பெருமூச்சோடு மூடிக்கொண்டது.
செய்தித்தாளை விரித்து மேலே போர்த்தினேன்.
ஒரு சென்டிமீட்டர் வெளியே நின்றது அடுப்பு.
நானும் காசாயும் அந்த ஒன்றைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதற்கு நடுவே வைக்கிறீர்கள்?"
"சுவருக்கும் குளிர்பெட்டிக்கும்."
"குளிர்பெட்டிக்குச் சக்கரம் உண்டா?"

உண்டு.
பதினாலு வருடமாக அதையும்
சுவரென்றே எண்ணியிருக்கிறேன்.

முதல் முறை வெறுமனே காயவிட வேண்டுமாம்.
ஜன்னலைத் திறந்தேன்.
புது இரும்பின் நாற்றம் வெளியே போக
பனி உள்ளே வந்து
தரையில் உட்கார்ந்தது.
பிறகு ரொட்டியை வைத்தேன்.
காபிக்குக் கெண்டியையும் போட்டேன், பழக்க தோஷம்.
இது ஆயிரம் வாட், அது ஆயிரத்து இருநூறு,
என் வீட்டுக்கு இருபது ஆம்பியர்தான்.

டப்.

இருட்டில்
நாலு கம்பிகள் மட்டும் சிவப்பாக,
பிறகு செங்கல் நிறமாக,
பிறகு இல்லாமலாக.
ஓரம் சிவந்து நடு வெளுத்த ரொட்டியை
நின்றபடியே கடித்துக்கொண்டு
கைபேசியைத் தேடி எடுத்தேன்.
காது நுழைந்தது என்று அனுப்பினேன்.

உடனே பதில்:
மோச்சி?