சேமித்த இடங்கள்

நேரு பிளேஸ் இரண்டாம் தளத்தில்
பேரம் பேசி ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய பழைய கணினி.
எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாகக் கடைக்காரன் சொன்னான்.
துடைக்கவில்லை.
மின்கட்டண ரசீதுகள் சில, பாசின் என்றொரு பெயர்,
கூடவே ஒரு வானம்.

நவம்பர். காற்றின் எண் நானூற்று அறுபது.
மயூர் விஹாரில் என் நான்காம் மாடியிலிருந்து
எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியே தெரியவில்லை.
பள்ளிகளை மூடியதில் எனக்கும் விடுப்பு;
பள்ளிப் பேருந்துகளுக்கு டீசல் கணக்கு எழுதுகிறவன் நான்.
இரவு பத்து மணிக்கு
அந்த வானத்தைத் திறந்தேன்.

திரை முழுக்கப் பட்டப்பகல்.
நீலமென்றால் அப்படியொரு நீலம்,
தில்லிக்குச் சம்பந்தமே இல்லாத நீலம்.
கடிகார பேட்டரி செத்திருக்கும் என்று நினைத்தேன்.
கீழ்வரிசையில் ஒரு பொத்தான்: வளிமண்டலம்.
அழுத்தினேன். போயிற்று.
இவ்வளவு எளிதா என்று
ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

கறுப்பில் சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டு.
அதன் பக்கத்திலேயே கூச்சமில்லாமல் நட்சத்திரங்கள்.
அடுத்த பொத்தான்: தரை.
அதையும் எடுத்துவிட்டேன்.
காலுக்குக் கீழே கொத்தாகக் கார்த்திகை மினுங்கியது.
நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதினோரு இரவுகள் இப்படியே.
நேரத்தைப் பன்னிரண்டு மணி கையால் தள்ளுவேன், இருட்டும்.
ஆதிரை சிவக்கும். உரோகிணி ஏறும்.
துருவன் மட்டும் ஏனோ
கழுத்து வலிக்கிற உயரத்தில்.
போகட்டும், துருவனோடு எனக்கு வழக்கு ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் இரவு அகத்தியரைத் தேடினேன்.
தெற்கை முழுக்கச் சுட்டியால் துழாவினேன்.
ஏப்ரல் வரை நாட்களை ஓட்டினேன்.
பெயரைத் தட்டியதும் பதில் வந்தது:
உதிப்பதே இல்லை.

தெற்கில் அகத்தியர் இல்லையென்றால்
அது என்ன தெற்கு?
அப்போதுதான் திரையின் இடது மூலையைப் படித்தேன்.
கால்கரி. ஐம்பத்தொரு பாகை வடக்கு.
அதற்கு அந்த மனிதர் இந்தியில் சூட்டி
சேமித்து வைத்திருந்த பெயர்:
ரித்து வீடு.

கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.
இங்கே இரவு பத்து என்றால்
அங்கே காலை ஒன்பதரை.
பாசின் நட்சத்திரம் பார்த்த ஆள் மாதிரித் தெரியவில்லை.
படுக்கப் போகும் முன் திறந்து,
அவளுக்கு விடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு
மூடியிருக்கிறார்.

மறுநாள் கடைக்குப் போன் போட்டேன்.
"அந்த அங்கிளா? கனடா போயிட்டார் சார்."
பழைய கணினி விற்கிறவர்கள்
எல்லோரையும் கனடாவுக்குத்தான் அனுப்புகிறார்கள்.
நம்பினால் என்ன, காசா பணமா?
நம்பினேன்.

ரித்து வீட்டை அழிக்க மனம் வரவில்லை.
அதற்குக் கீழே தில்லியைச் சேர்த்தேன்.
வானம் ஒரு பக்கமாகச் சறுக்கியது.
துருவன் இறங்கி இருபத்தெட்டில் நின்றான்.
நேரத்தைத் தள்ளவில்லை,
தானாக ஓடட்டும் என்று விட்டேன்.
மூன்று மணிக்குத் தெற்கே அகத்தியர்,
அடிவானத்துக்கு ஒன்பது பாகை மேலே.
நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவுகூட இல்லை.

முகக்கவசம் மாட்டிக்கொண்டு பால்கனி விளக்கைப் போட்டேன்.
ஓக்லா பக்கம் அழுக்கு மஞ்சள்,
குப்பை எரிகிற வாடை.
முஷ்டியை நீட்டி அளந்தேன்.

புகைக்குள்ளிருந்து காவலாளி துர்கேஷின் குரல்:
"யாரையாவது நிறுத்தச் சொல்றீங்களா சார்?"
"இல்ல துர்கேஷ், ஒருத்தர் வந்திருக்கார்."
"எந்த கேட்டில?"
தெற்கு என்றேன்.
அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு
அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது.