எந்தத் தாது

பதினோரு பக்கங்கள் சொல்கின்றன,
புதுவயல் சோலையாண்டி ஊருணி
பஞ்சத்தில் வெட்டியது என்று.
தாது வருஷம், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு.
மண் சுமந்த கூடைக்கு ஒரு குவளைக் கஞ்சி.
என் ஆய்வேட்டின் நான்காம் இயல்
அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான்
எழுந்து நடந்தது.

பதினோரு பேர் சொன்னால் கோர்ட்டே நம்பும்.
மூன்றாம் வாசிப்பில்தான் கண்ணில் பட்டது:
பதினோரு இடத்திலும் குவளை, 'குவலை'.
எட்டாவது பக்கம் ஒரு பேராசிரியருடையது,
பெயருக்குப் பின்னால் வாலாய்ப் பட்டங்கள்.
அங்கேயும் குவலை.
சாட்சி பதினொன்று, வாய் ஒன்று.

தேதி பார்த்துப் பின்னால் பின்னால் போனேன்,
எறும்புச் சாரியைப் பிடித்துக்கொண்டு
சர்க்கரை டப்பாவைத் தேடுகிற மாதிரி.
சாரி போய் நின்ற இடம்
கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதி.
அறை வாடகைக்கும் காலை உணவுக்கும் நடுவே
நான்கு வரி வரலாறு.
போன் போட்டேன். மேலாளர் அடைக்கப்பன்
எதையும் ஒளிக்கவில்லை, பாவம்.
"வர்றவுக கேக்குறாக, ஏதாவது சொல்லணும்ல.
கல்லுல தாதுன்னு இருக்கு. தாதுன்னா பஞ்சந்தானே?
கஞ்சி மட்டும் நான் ஊத்துனது."

தாது என்றால் பஞ்சம்தான்.
ஆனால் தாது ஒன்றா இருக்கிறது?
அறுபது வருஷத்துக்கு ஒருமுறை
அதே பெயரைப் போர்த்திக்கொண்டு வருகிறது.
முப்பத்தாறிலும் ஒரு தாது வந்தது.
அது பசியின் தாது இல்லை, பர்மா வட்டியின் தாது.
அதில் வெட்டியதென்றால்
ஊருணி வேறு ஊருணி.
என் இயலுக்குக் கால் கிடையாது.

காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் போனேன்,
அரிசி ஆலைச் சாம்பல் கண்ணில் விழ விழ.
கல் இருந்தது,
சேவுகனின் பஞ்சர் கடைச் சுவரோடு ஒட்டி
மூன்று பழைய டயர்களைத் தாங்கிக்கொண்டு.
"நகத்திப் பாருங்க, கையில கறுப்பு ஒட்டும்."

தாது ௵ ஆவணி ௴ ௧௪ ௳.
எனக்குக் கிழமை போதும்.
பஞ்சாங்கக் கணக்கில் முந்தைய தாதுவுக்கு
அந்த நாள் சோமவாரம்,
பிந்தைய தாதுவுக்குச் சனிவாரம்.
ஓர் எழுத்தில் அறுபது வருஷம் தீர்ந்துவிடும்.

கல்லில் ஒரு ச இருந்தது.
அதன் இடப்பக்கம், கொம்பு நிற்க வேண்டிய மூலை,
லாரி பின்னால் எடுத்தபோது பெயர்ந்துபோனதாம்.
வலப்பக்கத்தைச் சிமெண்ட் தின்றிருந்தது.
"அது நாந்தாங்க பூசுனது" என்றார் சேவுகன்.

சோவா, சனியா?
ஈரத் துணியால் தேய்த்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன்.
சொல்லிவிடுகிறேன்:
விரல் கொம்பைத் தேடவில்லை,
கொம்பு வேண்டுமென்று கேட்டது.
மூன்றாம் தடவலில்
ஒரு வளைவு தட்டுப்பட்ட மாதிரிகூட இருந்தது.
அடைக்கப்பன் கஞ்சி ஊற்றிய நேரத்திலும்
கை இப்படித்தான் இருந்திருக்கும்,
இதே ஈரத்தோடு, இதே நல்லெண்ணத்தோடு.
கையை எடுத்துவிட்டேன்.

சேவுகன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழுக்காகக் காத்திருந்தார்.
"பஞ்சத்துல வெட்டுனதா, இல்லையா?"
"தெரியலைங்க."
"தெரியலைன்னு எழுதவா
இவ்வளவு தூரம் வந்தீக?"

ஆமாம்.
நான்காம் இயல் ஏழு பக்கமாக இளைத்தது.
அடிக்குறிப்பு நாற்பத்திரண்டு:
'தாது. எந்தத் தாது என்று கல்லில் தெளிவில்லை.
விடுதிச் செய்தி ஆதாரமன்று.'

ஆய்வேடு இணையத்தில் ஏறிய மூன்றாம் மாதம்
பன்னிரண்டாவது பக்கம் முளைத்தது.
அதே ஊருணி, அதே பஞ்சம், அதே குவலை.
இந்த முறை
கீழே ஆதாரமும் கொடுத்திருந்தார்கள்:
என் பெயர்,
அடிக்குறிப்பு நாற்பத்திரண்டு.