அறுகோணம் 2317

இன்று ஜெர்மன் பக்கம் எனக்கு.
அண்ணன் தெம்யான் செம்படையை விட்டுத்தர மாட்டான்,
விளையாட்டில்கூட.

பதினோராம் சுற்று. ஜூலை பன்னிரண்டு, மழை.
நாற்பது டாங்கிகளைச் சுட்டியால் தொட்டுத் தொட்டுத்
தெற்கிலிருந்து ஏற்றுகிறேன்.
வெட்டவெளிக்கு ஒரு புள்ளி,
விளைந்த கோதுமைக்கும் ஒன்றுதான்,
ஓடைக்கு மூன்று.
எரிபொருள் வண்டிகள் இரண்டு கட்டம் பின்னால்
சேற்றில், வழக்கம்போல.

பாலம் இங்கே, ரயில் மேடு அங்கே என்றால்
2317 எங்கள் தெரு.
வரைபடம் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
வெளிர்பச்சை, அவ்வளவுதான்.
பன்றிக்கொட்டில், அக்லாயாவின் தபால் அறை,
தேநீர் ஆறிப்போன இந்தச் சமையலறை மேசை
எல்லாம் சேர்த்து ஒரு புள்ளி.

சுற்றிப் போக ஏழு வேண்டும். கைவசம் நான்கு.

"தூங்கிட்டியா?"
சுவருக்கு அந்தப் பக்கம் தெம்யான்.
பீரங்கிகளை எங்கே ஒளித்திருப்பான், தெரியும்:
அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து
நாங்கள் பதுங்கிய பிளம் தோப்பில்.
வேறு இடம் அவனுக்கு வராது.

முதல் குண்டுகளை அங்கே போட்டேன்.
மூன்று பீரங்கிகள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நாற்காலி நகரும் சத்தம்.
கதவருகே வந்து நின்றான், வெறுங்காலோடு.
"நம்ம தோப்புடி அது, கிளாஃபிரா."

"தோப்புக்கு இரண்டு புள்ளி," என்றேன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.