தீவிரம்: குறைவு

உப்புவெளியில் மின்சாரம் திரும்பிப் பத்து நிமிடம்.
றூட்டரின் பச்சை விளக்கு இன்னும் யோசிக்கிறது.
வேலிக்கு வெளியே இரண்டு புள்ளிமான்கள்
யாரோ எறிந்த பாண் பைக்கு அடிபடுகின்றன.

கிண்ணியாவிலிருந்து இம்தாத் அனுப்பியிருந்தான்:
"சின்னப் பிழைதான் அக்கா. ஆனா பாருங்க."

பார்த்தேன்.
ஓர் இயந்திரம், அதன்மேல் இருபது கொள்கலன்கள்.
ஒவ்வொன்றும் தான் மட்டுமே இருப்பதாக நம்பும்.
அப்படி நம்பவைப்பதுதான் எங்கள் தொழில்.
பக்கத்துக் கொள்கலனின் கோப்புத் தெரியாது,
பெயர் தெரியாது, இருப்பே தெரியாது.
ஆனால் இயங்குதளத்தின் மூலையொன்றில்
எவரும் மறைக்க நினைக்காத ஒரு கோப்பு,
சில்லு இதுவரை குடித்த மின்சாரம் எவ்வளவென்று
கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்.
அது ஏறும் வேகத்தைக் கவனித்தால் மட்டும்
பக்கத்து அறையில் வேலையா நித்திரையா,
பூட்டில் சாவி திரும்புகிறதா,
அந்தச் சாவிக்கு எங்கெங்கே பல் என்றுகூடப்
பொறுமையுள்ளவன் எண்ணி எடுக்கலாம்.

கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஏழு கட்டு,
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு,
மண்ணுக்குக் கீழே நெருப்பு மட்டும் ஒன்று
என்று இம்தாதுக்கு எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.
"முதலில் சோதனையை எழுது" என்று அனுப்பினேன்.

திருத்தத்தை ஏற்கவேண்டிய மனிதர்
ஏதோ குளிர் ஊரில் இருப்பவர். மரியாதையாகக் கேட்டார்:
இதனால் யாருக்கு, என்ன தீங்கு?
ஓர் உதாரணம் தர முடியுமா?

தொண்ணூறு, ஆனி மாதம்.
எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டி
சாவியோடு போய்விட்டார் முன்வீட்டுப் பேரின்பம் மாஸ்டர்.
ஆளில்லாத வீடு. அதுதான் கதை.
உள்ளே அம்மா, சித்தப்பா, நான், காய்ச்சலோடு தம்பி.
தம்பிக்காக மேசைவிசிறி ஓடியது.
அதிர்வு கேட்காதிருக்க
அதன் காலுக்கு அம்மாவின் சேலைத்துண்டு.
சத்தத்தைப் பற்றித்தான் யோசித்திருந்தோம்.

வந்தவன் பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தான்.
பிறகு சுவரைப் பார்த்தான்.
மீற்றர்.
கண்ணாடிக்குள் தட்டு சுற்றிக்கொண்டிருந்திருக்கும்,
சிவப்புக் கோடு வந்து, போய், வந்து.
யன்னல் வெடிப்பால் நான் கண்டது
அவன் தலை கொஞ்சம் சாய்ந்ததை.
எண்ணினான் என்றுதான் நினைக்கிறேன்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
படியிறங்கிப் போய்விட்டான்.

ஏன் போனான் என்பது இன்றுவரை தெரியாது.
எவனோ ஒருவனின் அன்றைய மனதை நம்பி
மென்பொருள் எழுத முடியாது.

இது ஒன்றையும் நான் எழுதவில்லை.
காரணம் கேட்ட பெட்டிக்குள் இட்டது இவ்வளவு:
"உள்ளிருப்பவரின் மின்நுகர்வு
வெளியாருக்கு வாசிக்கக் கிடைக்கக் கூடாது."

மறைக்கவேண்டிய பாதைகளின் பட்டியலில்
ஒரு வரி கூடியது.
முதல்தரம் காற்புள்ளி விடுபட்டு எல்லாம் விழுந்தது,
இம்தாத் சிரிப்புப் படம் அனுப்பினான்.
இரண்டாம்தரம் பச்சை.
சீனன்குடாப் பக்கம் ரயில் கூவும் நேரம்
இணைத்துக்கொண்டார்கள், அடியில் குறிப்போடு:
தீவிரம், குறைவு.
சரிதான். குறைவுதான்.

மடிகணினியை மூடிவிட்டு முற்றத்துக்கு வந்தேன்.
முன்சுவரில் புது மீற்றர். தட்டு இல்லை.
சிவப்புப் பொட்டாய் ஒரு வெளிச்சம்
மினுங்கி, நின்று, மினுங்கி.
உள்ளே போய் மின்விசிறியை நிறுத்தினேன்.
விளக்கை அணைத்தேன்.
திரும்பி வந்து பார்த்தால்
இப்போதும் மினுங்குகிறது, ஆறுதலாக,
குளிர்ப்பெட்டியின் கணக்கை.

மான்கள் போய்விட்டன.
தெருவில், படலைக்கு வெளியே நின்று
நானும் எண்ணிப் பார்த்தேன்.