இரண்டாவது துடிப்பு

கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை வெட்ட மாட்டேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கடைசி வேகன் கடந்து,
மேசையின் காற்றுக்கால்கள் அடங்கி,
திரையில் அந்த ஒற்றை முகடு
ஆடாமல் நிற்க வேண்டும்.
அப்புறம்தான் குழாயை மாட்டுவேன்.

குழாய் என்றால் சேமியா கனம்.
யாரோ ஒருவரின் இதயத்துக்குள் போய்
விரிந்து நிற்கப்போகிற வலை.
யார் என்று சொல்ல மாட்டார்கள்,
லாட் நம்பர் மட்டும்.

பெட்டிக்குள்ளே ஐந்து மீட்டர் கண்ணாடி இழை,
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டியது.
அதில் ஒளி ஓடுகிறது, நொடிக்கு நாலு கோடிச் சுற்று.
ஆயிரமாயிரம் அலைகள்
அததன் இஷ்டத்துக்கு எழுந்தால் வெறும் வெளிச்சம்.
எல்லாம் ஒரே கணத்தில் தலைநிமிர்ந்தால் துடிப்பு.
நலிந்ததைக் குடித்துவிட்டு
வலுத்ததை மட்டும் விடுகிற கண்ணாடி ஒன்று
வழியில் உட்கார்ந்திருக்கிறது.

தரச்சோதனைக்கு வந்த அம்மாள் போன மாதம் கேட்டார்,
எனர்ஜி வேறு, டியூரேஷன் வேறா என்று.
நான் வாயைத் திறப்பதற்குள் அல்தாப்:
"ஒரு கொடம் தண்ணி மேடம்.
கொடம் எம்மாம் பெருசு, அது எனர்ஜி.
எம்மாம் நேரத்துல கவுக்குற, அது டியூரேஷன்.
சொட்டுச் சொட்டா ஊத்துனா நாய் தூங்கினே இருக்கும்.
சடார்னு வீசுனா அடுத்த தெருவுல நிக்கும்."
அம்மாள் குறிப்பேட்டில் என்ன எழுதினாரோ.
ஆனால் சரிதான்.
சூடு என்ன என்று உலோகத்துக்குத் தெரிவதற்குள்
தூள் கிளம்பிப் போய்விட வேண்டும்.

நிலாவுக்கு ஒன்றேகால் நொடியில் போகிற ஒளி
எங்கள் துடிப்பின் நேரத்தில்
என் பின்னலில் ஒரு முடியின் கனத்தைத் தாண்டும்.
அதை அளக்க அதைவிடச் சின்னக் கடிகாரம் இங்கே இல்லை.
இரண்டாகப் பிரித்து,
ஒரு பாதியைத் தாமதிக்கவைத்து,
அதன்மேலேயே அதை மோதவிட்டு அளக்கிறோம்.

பதினொன்றே முக்காலுக்கு நாதமுனி சார் போன்.
"காலைல அறுபது பீஸ் வேணும். கரண்ட்டக் கொஞ்சம் ஏத்து."
ஏத்துனா உயரம் கூடாது சார்.
"கூடலன்னா?"
ரெண்டாயிடும்.
வைத்துவிட்டார்.

ஏற்றினேன்.
முகடு கொஞ்சம் மெலிந்தது, கொஞ்சம் நிமிர்ந்தது,
இன்னும் ஒரு பொட்டுத் திருப்ப,
பக்கத்தில் இன்னொன்று.
அச்சு அசல் அதே உயரம்.
இழை தாங்குவதற்கு மேல் ஊட்டினால்
பெருக்காது, பிரிந்துவிடும்.
குழாயின் விளிம்பில் கருகல்.
மூன்று பீஸ் குப்பைக்கு.

இறக்கினேன். பழைய எண்ணுக்கே இறக்கினேன்.
இரண்டாவது போகவில்லை.
தெரிந்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும்
எரிச்சலாக வருகிறது:
பிறந்த இடத்தில் அது சாகாது.
அதற்கும் கீழே, இன்னும் கீழே,
முதலாவதும் அணைந்துவிடுமோ என்கிற இடம்வரை
போக வேண்டும்.

சாயங்காலம் சுகிர்தாவிடம் கத்தினேன்,
லாரித் தண்ணீர் வரிசையில், எல்லோரும் பார்க்க.
நாலு குடம். அவள் முறை, என் அவசரம்.
அப்புறம் சாதாரணக் குரலில்தான் பேசினேன்,
"சாப்ட்டியா" கூடக் கேட்டேன்.
சாதாரணக் குரல் போதவில்லை.

கரண்ட்டைத் தொடாமலும் ஏற்றலாம்.
பெட்டியை விட்டு வெளியே வந்த துடிப்பை நீட்டு.
சிவப்பு முன்னால், நீலம் பின்னால்,
சரக்கு ரயில் மாதிரி இழுபட்டு வரட்டும்.
நீண்டு கிடக்கும்போது ஊட்டு.
பிறகு வரித்தகடுகள் இரண்டுக்கு நடுவே
சிவப்பைச் சுற்றுவழியில் அனுப்பு,
நீலம் வந்து சேர்ந்துகொள்ளும்.
தகட்டை நகர்த்தும் திருகு என் கட்டைவிரலுக்குப் பழக்கம்.
கால் சுற்று கூடினால் மறுபடி நீளும்.

ஒன்று பத்துக்கு ஒற்றை முகடு.
விளிம்பு சுத்தம் என்கிறான் அல்தாப், லென்ஸிலிருந்து கண்ணெடுக்காமல்.
அறுபது வராது, நாற்பது வரும்.
சாருக்கு அதை அனுப்பிவிட்டேன்.

சுகிர்தாவுக்கு எழுதியதை இன்னும் அனுப்பவில்லை.
முதலில் நாலு வரி இருந்தது.
இப்போது ஒரு சொல்.
அடுத்த கூட்ஸ் கேட்டுக்கு வந்துவிட்டது.
மேசை மூச்சு வாங்குகிறது.
கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.