புது அப்பா

இடைவேளைக்கு வெகுமுன்பே தெரிந்துவிட்டது,
பின்வரிசைக்கும்கூட.
புது அப்பாதான் கொலைகாரன்.
முதல் சீனில் அவன் கத்தரிக்கோலைத் துடைத்த விதம் போதாதா.
நாய் சாகும் என்றேன். செத்தது.
மாடிக்குப் போகாதே என்றார் முன்சீட்டு அம்மாள்.
போனாள்.
இப்போது கரண்ட் போகும் என்றேன்,
நிஜமாகவே போய்
ஜெனரேட்டர் உறுமும்வரை
காரைக்குடி மொத்தமும் விசிலடித்தது.

கதை நடப்பது ஊட்டியாம்.
தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல் பதித்த ஊட்டி.
கானாடுகாத்தான் வீடு அது, எனக்குத் தெரியாதா?
இரண்டாங்கட்டிலிருந்து அலறி ஓடுகிறவள்
முகப்புக்கு வர மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறாள்.
வளவைச் சுற்றியே ஓடுகிறாள் பாவம்,
ஒரே தூண் நாலு முறை வருகிறது.

பக்கத்து சீட்டில் அடைக்கலம்
விரல்களால் முகத்தை மூடியிருக்கிறார்.
அம்மாவைக் கட்டி நாலு வருஷம்.
நான் இன்னும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
'இந்தாங்க', 'கேக்குதா',
இல்லையென்றால் கதவில் ஒரு தட்டு.
வயரிங் வேலைக் காசில்
திடீரென்று மூன்று பேருக்கும் பால்கனி டிக்கெட் எடுத்திருந்தார்.
அம்மா டைட்டில் முடியுமுன் தூங்கிவிட்டாள்.

பால் தம்ளர்.
திரை முழுக்க ஒரு கை இறங்குகிறது.
மாத்திரையை நசுக்கிப் போட்டுக்
கலக்குகிறது, நிதானமாக.
ஸ்பூனை விளிம்பில் இரண்டு தட்டு.
'குடிக்காதடி' என்கிறது தியேட்டர்.

மோதிரவிரலில்
ஷாக்கடித்துக் கறுத்த நகம்.

இதை நான் ஊகிக்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை ராத்திரிகளில்
இதே கை, இதே இரண்டு தட்டு,
புத்தகத்துக்குப் பக்கத்தில் ஹார்லிக்ஸ்.
இந்த மாதிரிப் படங்கள் நிறையப் பார்த்திருந்தேன்.
ஒரு வருஷம் முழுக்க
ஜன்னல் வழியே குரோட்டன்ஸுக்கு ஊற்றினேன்.
செடி சாகவில்லை.
ஓட்டைத் தொடுமளவு வளர்ந்தது.
'என்ன உரம் போடுறே' என்று கேட்டவரும் அவர்தான்.

'நடிகர் பிளேனைப் பிடிக்க மதுரைக்குப் போயிட்டாரு.
லைட்டைத் தூக்கிட்டு நின்னேன், கையைக் காட்டுன்னாங்க.
எண்ணூறு ரூவா.'
கண்ணைத் திறக்காமலே கிசுகிசுத்தார்.
'நல்லாப் பண்ணியிருக்கா?'

'பயமா இருந்துச்சு' என்றேன்.
அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி அவன் கிணற்றில் விழவேண்டும்,
போலீஸ் தாமதமாக வரவேண்டும்.
மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை
அவர் பக்கம் நகர்த்தினேன்.
கறுத்த நகம் தடவித் தடவி
உடையாத ஒன்றைத் தேடி எடுத்து
என்னிடமே நீட்டியது.

'விழுந்துட்டானா?'
'இன்னும் இல்ல.
மூடிக்கங்க.'