தாய்ப் பத்திரம்

வக்கீல் தாய்ப் பத்திரம் கேட்டிருக்கிறார்.
முப்பது வருட வில்லங்கம் போதாதாம்.
வாங்குகிற உமையாள் ஆச்சி பினாங்கில் இருக்கிறார்,
கடன் கொடுக்கிற வங்கிக்குப் பயம் அதிகம்.

தரகன் செல்லப்பாண்டி சாக்கோடு கொண்டுவந்து கொட்டினான்.
பெ.நா.சித. வகையறா பெட்டகத்திலிருந்து
பழைய சாமான் கடைக்கு எடைபோடப் போனவை:
ஓலைக்கட்டு ஆறு, பேரேடு இரண்டு,
செல் அரித்த குறிப்பேடு ஒன்று.
கதவு நிலை அன்றைக்கே விற்றுப்போனது.
கணக்குக்கு விலை படியவில்லை.

காரைக்குடியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
என் மேஜை, குடை, ஸ்டூல் இரண்டு.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
பழைய எழுத்து படிப்பேன் என்பதால் கொஞ்சம் கூட.
புள்ளி வைக்காத மெய், நெடிலா குறிலா தெரியாத ஒகரம்,
பழகினால் வந்துவிடும்.

உ
பிலவ வருடம் தை மாதம் ௰௭ தேதி
உப்பு மரக்கால் இரண்டு
வெற்றிலை கவுளி ஒன்று
புளி ஒன்றரைத் தூக்கு, கொட்டை நீக்கினது
வண்டிமாட்டு லாடம், கொல்லனுக்குக் காலே அரைக்கால்
கீழச்செய் ஒன்பது மா
கிணறு ஒன்று, மாவடை மரவடை உட்பட
ஆள் இருளாயி
மேற்படியாள் மக்கள் இரண்டு
கும்பினி ரூபாய் முப்பத்தெட்டுக்குக் கிரயம்
நல்லெண்ணெய் நாழி அரை

நல்லெண்ணெயில் என் விரல் நின்றது.
எழுதியவன் நிற்கவில்லை.
எழுத்தாணி தயங்கின தடம் எங்கேயும் இல்லை,
இருளாயிக்கும் புளிக்கும் ஒரே ஆழம்.

அடுத்த ஓலையில் விவரம்.
மூத்தது ஆண், மாடு மேய்க்க அரை ஆளுக்கு ஆகும்.
இளையது பால்குடி, மதிப்பில் சேராது.
அவளுக்கு நாளொன்றுக்கு நாழிக் கேழ்வரகு
பற்றில் எழுதியிருக்கிறது.
அவள் அறுத்த நெல் வரவில் இருக்கிறது.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத பக்கங்கள்.

சுபகிருது ஆடியில்
'ஓடின ஆளைத் தேடிப் போனவனுக்கு
வழிச்செலவு, அவல்.'
யார் ஓடியது என்று இல்லை.
தனியாகவா, பால்குடியோடா என்று இல்லை.
திருப்பிக் கொண்டுவந்த வரவும்
எந்த ஓலையிலும் இல்லை.
மூன்று கட்டு புரட்டிவிட்டேன்.
அந்த வருட ஐந்தொகை மட்டும்
மூன்று வீசம் உதைக்கிறது.
மற்ற வருடமெல்லாம் முந்திரி பிசகவில்லை.

டீ ஆறிப்போய்விட்டது.
"அண்ணே, நிலம் வர்ற இடத்த மட்டும் எடுங்க.
மத்தது நமக்கெதுக்கு?"
சரிதான். மற்றது நமக்கெதற்கு.
ஒன்பது மா இப்போது இருபத்திரண்டு மனை,
நடுவே முப்பதடிச் சாலை,
கிணறு இருந்த இடத்தில் பூங்கா என்று
வரைபடத்தில் பச்சை அடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.
ஓலையில் அது கீழச்செய்.
தாலுகா அடங்கலில் இருளாயி செய்.
பட்டாவில் பெயர் ஏழு தடவை மாறியிருக்கிறது,
ஏழுக்கும் பத்திரம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது,
ஒன்றில் ரங்கோன் கடை முகவர் கையெழுத்துக்கூட இருக்கிறது.
இந்த எட்டாவது மாற்றத்தை யார் செய்தார்கள்?
நாற்று நட்டவர்கள் சொல்லிச் சொல்லியா,
கிராமக் கணக்கன் கேட்டதைக் கேட்டபடி எழுதியா,
அதற்கு ஒரு பத்திரமும் கிடையாது.

சாயங்காலம் கிரயம் எழுதுகிறேன்.
'மேற்படி நிலத்தில் பிறருக்கு யாதொரு
பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.'
ஆயிரம் தடவை எழுதிய வரி.
மேற்படி என்பதை அடித்துவிட்டு
இருளாயி செய் என்று எழுதினேன்.
அடுத்த வரியிலும்.
அதற்கடுத்த வரியிலும்.
வடக்கெல்லையில், தெற்கெல்லையில், சாட்சிக்கு மேலே.

செல்லப்பாண்டி எண்ணிப் பார்த்தான்.
"என்னண்ணே, ஒம்பது பக்கத்துல முடியறது
பதினொண்ணு வந்திருக்கு?"

பக்கத்துக்குத்தானே கூலி என்றேன்.